பதினோராவது கேள்விக்குப் பதில்

புயலை ஒழிக்க முடியாது என்று தெரிந்ததும் எங்கள் அரசு அதற்கு ரேஷன் முறையைக் கொண்டுவந்தது. அரிசியிலும் மண்ணெண்ணெயிலும் பழகிய கை, சும்மா இருக்குமா? அதற்கென்று ஓர் ஆணையம், ஆணையத்துக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு மூன்று முறை தள்ளிப்போன ஒரு திறப்பு விழா. 'தேசியப் புயல் பகிர்வு ஆணையம்' என்று வாசலில் பித்தளை எழுத்துகளைப் பதித்தார்கள். முதல் மழைக்கே அதில் நான்கு எழுத்துகள் விழுந்தன. அவற்றைப் பொறுக்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு என் மேஜைக்கடியில் வைத்திருக்கிறேன்.

நான் தணிகாசலம். பகிர்வு அலுவலர், இரண்டாம் நிலை. இது போக, ஆணைய அலுவலர் குடியிருப்பின் நலச் சங்கச் செயலாளரும் நான்தான். வேறு யாரும் கிட்டே வராத பதவி என்பதால் என் தலையில் விழுந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவுவதிலிருந்து, இணை ஆணையர் குணசீலன் மொட்டை மாடியில் வளர்க்கும் ஆர்க்கிட் செடிகளுக்கு நிழல்வலை கட்டுவது வரை எல்லாவற்றுக்கும் என் கையெழுத்து வேண்டும்.

புயலை எப்படிப் பங்கு போடுவது என்று எனக்கு விளக்கியவர் டாக்டர் நப்பின்னை. அந்த இயந்திரத்தை உருவாக்கிய விஞ்ஞானி. எங்கள் கேன்டீனில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எதிரே இருந்த சாம்பார் வாளியைக் காட்டித்தான் தொடங்கினார்.

"இந்த வாளி சாம்பாரை அப்படியே ஒருத்தர் தலையில கொட்டினா என்ன ஆகும் சார்?"

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்."

"அதையே நூறு இலையில ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்தினா?"

"சாப்பாடு."

"அவ்வளவுதான் சார் என் ஆராய்ச்சி" என்று சிரித்தார். "கடலோட சூடுதான் புயலுக்குத் தீனி. ட்ரோன் வெச்சு கடல் மேல ஒரு மெல்லிய படலம் தூவுவோம். அங்கங்க தீனி அறுந்துபோகும். பெரிய சுழல் உடைஞ்சு ஆயிரம் குட்டிச் சுழலாகும். அந்தக் குட்டிகளைப் பலூன் வரிசை போட்டு, ஆடு ஓட்டுற மாதிரி நாடு முழுக்க ஓட்டிக்கிட்டுப் போய் விடுவோம். ஒரு குட்டி ஒரு பங்கு. ஒரு பங்கு வந்தா கொடியில காயுற துணி பறக்கும், அரை நாள் கரன்ட் போகும். அவ்வளவுதான்."

"குட்டிகளை எல்லாம் ஒரே ஊருக்கு ஓட்டினா?"

"திரும்ப ஒண்ணா சேந்துக்கும். சக்தி எங்கயும் காணாமப் போகாதே. ஆனா அப்படி ஓட்ட யாருக்கு சார் பைத்தியம் பிடிச்சிருக்கு?"

நான் மோர் ஊற்றிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காலங்காலமாகக் கடற்கரைக்காரன் மட்டும் வாங்கிய அடியை இனி மலைநாட்டானும் பாலைவனத்தானும் மாநகரத்தானும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்வார்கள். இதைவிடப் பெரிய சமத்துவம் வேறென்ன இருக்கிறது என்று நினைத்தேன். அப்போது நான் ஆணையத்துக்குப் புதிது.

ஊர் ஊராகப் படிவம் 7 நிரப்பும் வேலை எனக்கு. அப்படித்தான் ஆலங்குட்டிக்குப் போனேன். கடலை ஒட்டி இருநூற்றுப் பதினான்கு வீடுகள். ஊராட்சித் தலைவி செங்கமலம் வலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவர் கணவர் அஞ்சப்பன் பக்கத்தில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார்.

"ஆயிரம் பங்குல எங்களுக்கு எவ்வளவு சார்?" என்றார் செங்கமலம்.

"கடற்கரை ஊருக்கு மூணு. உள்நாட்டுக்கு ஒண்ணு."

"மூணா? போன தடவ எவ்வளவு வந்துச்சு?"

"அப்ப ஆயிரமும் இங்கதான்மா."

அஞ்சப்பன் வலையைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஏ செங்கமலம், சாருக்கு டீ போடு. மூணு பங்குக்குப் படகக்கூட மேட்டுக்கு ஏத்த வேணாம் போலருக்கே!"

பத்துக் கேள்விகள் பிரச்சினை இல்லாமல் முடிந்தன. பதினோராவது கேள்வி இது: 'புயல் நாட்களில் தங்கள் ஊரில் நிறுத்த முடியாத பணி ஏதேனும் உண்டா?'

கேட்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் புத்தியின் மேலேயே அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"புயலன்னக்கி என்ன சார் வேல?" என்றார் அஞ்சப்பன். "எச்சரிக்கைக் கொடி ஏறிட்டா எவனும் கடலுக்குப் போவ மாட்டான். படகக் கட்டிப் போட்டுட்டு வூட்ல கெடப்போம்."

"அப்ப 'இல்லை'ன்னு எழுதிக்கட்டுமா?"

"உள்ளதத்தானே எழுதணும்? எழுதிக்குங்க" என்றார் செங்கமலம்.

'இல்லை' என்று அழகாக எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும். 'தங்கள் ஊரின் பங்கு: 3' என்று அச்சடித்த சீட்டைக் கொடுத்ததும் செங்கமலம் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது ஊருக்கு வெளியே மேட்டில் இருந்த புயல் பாதுகாப்புக் கூடத்தைப் பார்த்தேன். இனி பெரிய புயலே கிடையாது என்பதால் அதைப் 'பங்கு விளக்க அரங்கம்' ஆக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே நப்பின்னையின் இயந்திரத்துக்குத் தெர்மாகோலில் ஒரு மாதிரி, கண்ணாடிப் பெட்டியில். வாசலில் தடித்த பூட்டு. பார்வை நேரம் பத்து முதல் ஐந்து வரை, செவ்வாய் விடுமுறை.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. அதற்குப் பூங்கொடி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கும் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் இருக்கிறவர்கள் போலும்.

பூங்கொடி நடுக்கடலில் இருக்கும்போதே எங்களுக்கு மனுக்கள் வர ஆரம்பித்தன. எல்லாம் பதினோராவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு விலக்குக் கேட்டவை. ஒரு மாநகரம் தன் கணினி வளாகத்தின் கண்ணாடிச் சுவர்களைக் காரணம் காட்டியது. இன்னொரு மாநகரத்தில் கிரிக்கெட் போட்டியாம். ஒரு மலை ஊர், இது தேனிலவு சீசன் என்று மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்தது. ஒரு மாவட்டத்தில் சிலை திறப்பு விழா. சிலையைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களாம், காற்று வந்தால் அமைச்சருக்கு முன்னால் அதுவே திறந்துவிடுமாம். பாலைவன மாநிலம் ஒன்று, காற்று வேண்டாம், மழையை மட்டும் தனியாக அனுப்ப முடியுமா என்று கேட்டது, ஓட்டலில் சட்னி கேட்பதுபோல. ஒரு கிராமம் தலைவர் வீட்டு எருமை கன்று ஈனும் தேதியைக் கால்நடை மருத்துவர் சான்றோடு அனுப்பியிருந்தது. அந்த ஊரை நான் மனதாரப் பாராட்டினேன். நாட்டில் எப்படிப் பிழைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குணசீலன் எல்லாவற்றையும் அனுமதித்தார். ஒவ்வொரு அனுமதிக்கும் யாரோ ஒருவர் தொலைபேசியில் நன்றி சொன்னார். "நம்மளால நாலு பேருக்கு உபகாரம்யா" என்பார் என்னிடம், போனை வைத்துவிட்டு.

சரி, விலக்குப் பெற்ற ஊரின் பங்கு எங்கே போகும்? அதற்கும் விதி இருக்கிறது. 'நிறுத்த முடியாத பணி இல்லை எனத் தெரிவித்த ஊர்களுக்கு அப்பங்குகள் சமமாகப் பகிர்ந்தளிக்கப்படும்.' சமமாக என்ற சொல்லுக்காக வரைவுக் குழு இரண்டு நாள் சண்டை போட்டதாகக் கேள்வி. எண்ணூறு ஊர்ப் படிவங்களிலும் தேடிப் பார்த்தேன். எல்லா ஊரும் அந்தக் கேள்விக்கு எதையாவது எழுதி வைத்திருந்தது. 'இல்லை' என்று எழுதியிருந்தது ஒரே ஒரு ஊர். அந்த 'இல்லை' என் கையெழுத்தில் முத்து முத்தாக இருந்தது.

திரையில் ஆலங்குட்டியின் எண் மூன்றிலிருந்து பத்தொன்பது ஆனது. மனுக்கள் வர வர, நூற்று நாற்பது. முந்நூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பட்டியலை மூடியபோது எண்ணூற்று எழுபத்தொன்று.

நான் குணசீலனின் அறைக்கு ஓடினேன்.

"சார், எண்ணூத்தி எழுபத்தோரு பங்கு ஒரே ஊருக்குப் போகுது. நான் அந்தப் படிவத்தைத் திருத்திடறேன் சார். திருவிழான்னு போட்டுடலாம்."

"திருத்தத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்னாடி மனு வரணும், தெரியாதா? விதியை மீறச் சொல்றீங்களா?"

"செத்துப்போவாங்க சார்."

"பதட்டப்படாதீங்க தணிகாசலம். நப்பின்னை மேடத்தைக் கேளுங்க."

நப்பின்னை கட்டுப்பாட்டு அறையில் இருந்தார். முகம் வெளுத்திருந்தது. "உடைக்கிற வேலைதான் சார் என்னோடது" என்றார். "எங்க விடணும்னு பட்டியல் உங்க பக்கத்துலேர்ந்து வருது. பலூனெல்லாம் கிளம்பிடுச்சு. இனி என்னால ஒண்ணும் பண்ண முடியாது." பிறகு ஒரு வரைபடத்தைக் காட்டினார். இயந்திரமே இல்லாதிருந்தால் புயல் எங்கே கரை ஏறியிருக்கும் என்ற பழைய கணிப்பு அது. ஆலங்குட்டிக்கு நாலு கிலோமீட்டர் தெற்கே ஒரு புள்ளி. இவ்வளவு அறிவியலையும் இவ்வளவு ஆட்களையும் வைத்துக்கொண்டு புயலை நாலு கிலோமீட்டர் வடக்கே நகர்த்தியிருந்தோம்.

செங்கமலத்துக்குப் போன் போட்டேன். மதியம் பன்னிரண்டு மணி. பின்னணியில் யாரோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"அம்மா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே ஊரை விட்டுக் கிளம்புங்க."

"எதுக்கு சார்? மூணு பங்குக்கா?"

"மூணு இல்லம்மா. எண்ணூத்தி எழுபத்தொண்ணு."

"நீங்க குடுத்த சீட்டு இங்க செவுத்துல மாட்டி வச்சிருக்கோம் சார்" என்றார் மெதுவாக. "அதுல மூணுன்னுதானே போட்ருக்கு?"

"அது மாறிப்போச்சும்மா. தயவுசெஞ்சு கிளம்புங்க."

"போட்டெல்லாம் கரையிலேயே கெடக்கு சார். பஸ்ஸும் நிறுத்திட்டாங்க." அவர் குரல் மாறியது. "நாங்க என்ன சார் தப்பா எழுதினோம்?"

அவர் போனைக் கீழே வைத்துவிட்டு ஊர்க்காரர்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அப்புறம் இணைப்பு அறுந்தது.

மூன்று மணிக்குப் பூங்கொடி கரை ஏறியது. ஊர் மொத்தமும் மேட்டுக் கூடத்துக்கு ஓடியிருக்கிறது. அன்று செவ்வாய்க்கிழமை. அஞ்சப்பனும் எட்டுப் பேரும் பூட்டை உடைக்கக் கடப்பாரை எடுத்துவரத் திரும்பி ஊருக்குள் போனார்கள். கடப்பாரை வந்தது. அஞ்சப்பன் அதை எறிந்துவிட, மேலே இருந்தவர்கள் பிடித்தார்கள். பின்னால் வந்த தண்ணீர் ஒன்பது பேரையும் எடுத்துக்கொண்டது. மற்ற எல்லாரும் அந்தத் தெர்மாகோல் இயந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து பிழைத்தார்கள்.

அந்த வருட அறிக்கையில் 'எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஊர்களில் சேதம் இல்லை' என்று குணசீலன் எழுதினார். ஆணையத்துக்கு விருது வந்தது. வெள்ளித் தட்டு. "ஒரு ஊர் போச்சே சார்" என்றேன்.

"யோவ், எங்க வர வேண்டியதோ அங்கதானே வந்துருக்கு? நாம என்ன புதுசா கெடுத்தோம்?" என்றார்.

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. வெள்ளித் தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பதினெட்டு வருட அரசு உத்தியோகம் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

அடுத்த ஐப்பசியில் மறுபடியும் படிவம் 7. ஆலங்குட்டிக்கு யாரும் போக விரும்பாததால் நானே போனேன். போகாமலும் என்னால் இருக்க முடியவில்லை. செங்கமலம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். டீ வரவில்லை. படிவத்தைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டு, தானே நிரப்பினார். பதினோராவது கேள்வியில் மட்டும் கொஞ்சம் நின்றார். பிறகு எழுதினார்: 'உண்டு. கார்த்திகையில் ஒன்பது வீட்டில் தெவசம்.'

நான் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். எருமைக் கன்று விவகாரத்துக்குப் பிறகு படிவத்தில் ஒரு துணைக் கேள்வியைச் சேர்த்திருந்தார்கள். அதைக் கேட்காமல் விட்டால் படிவம் செல்லாது.

"மன்னிச்சுக்கங்கம்மா. கேட்டே ஆகணும். நிகழ்ச்சியின் சிறப்பு விருந்தினர் யார்னு போடச் சொல்றாங்க."

செங்கமலம் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அவருதான் சார்" என்றார். "அன்னக்கி அவருக்குத்தானே எல போடுறோம். அவரு வந்து சாப்புட்டாத்தான் நாங்க சாப்புடுவோம். அதவிட என்ன விருந்தாளி வேணும்?"

'திரு. அஞ்சப்பன் மற்றும் எண்மர்' என்று நான் எழுதினேன். இந்த முறை என் கையெழுத்து அவ்வளவு நன்றாக வரவில்லை.

அலுவலகத்தில் குணசீலன் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "காரணமெல்லாம் நியாயம்தான்யா. ஆனா நாட்டுல ஒரு 'இல்லை'யாவது வேணும். ஒண்ணுமே இல்லேன்னா கம்ப்யூட்டர் ஃபைலை மூட மாட்டேங்குது. மத்தவன் பங்கையெல்லாம் எங்க கொண்டுபோய்ப் போடும்? இந்த ஊரை எடுக்கணும்னா வேற ஒரு 'இல்லை' புடிச்சுட்டு வாங்க."

"புடிச்சுட்டு வரேன் சார்."

வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆணைய அலுவலர் குடியிருப்பும் பட்டியலில் ஒரு தனி ஊர்தான். எண்பத்தாறு வீடுகள், பங்கு ஒன்று. முந்தைய வருடம் எனக்கு முன்பிருந்த செயலாளர் 'நவராத்திரிக் கொலு' என்று எழுதி வைத்திருந்தார், கார்த்திகையில். நான் புதுப் படிவத்தை எடுத்தேன். பதினோராவது கேள்வியை நன்றாக யோசித்தேன். புயல் அறிவித்தால் எங்களுக்கு அரசு விடுமுறை. வீட்டில் கிடப்போம். உள்ளதைத்தானே எழுத வேண்டும்? 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சங்க முத்திரையும் வைத்தேன். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. ஊர்ப் பெயரைப் படிக்காமல் எண்ணை மட்டும் சரிபார்த்துக் குணசீலன் அனுமதித்தார்.

கார்த்திகையில் அடுத்த புயல் உருவானது. இதற்குப் பெயர் இளந்தென்றல். வழக்கம்போல மனுக்கள் வந்தன, நன்றித் தொலைபேசிகளும் வந்தன. நாலாவது நாள் காலையில் குணசீலன் தற்செயலாகத் திரையைப் பார்த்தார். அலுவலர் குடியிருப்பு: எண்ணூற்றுப் பதின்மூன்று.

அவர் என்னை என்னவெல்லாம் சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. என் பிறப்பு, வளர்ப்பு, என்னை வேலைக்கு எடுத்தவர் எல்லாரும் அதில் வந்து போனார்கள். பிறகு ஆர்க்கிட் செடிகள் வந்தன. "படிவத்தைத் திருத்துய்யா!" என்று கத்தினார்.

"எழுபத்திரண்டு மணி நேரம் சார்" என்றேன்.

அடுத்த நாற்பது நிமிடங்களில் ஓர் அரசாணை வந்தது. என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக வந்த ஆணையை நான் பார்த்ததில்லை. 'எக்காரணம் கொண்டும் எந்த ஊருக்கும் விலக்கு கிடையாது. அவரவர் பங்கை அவரவர் ஏற்க வேண்டும்.' பலூன்கள் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அதன்படி மாறிய பட்டியலை நப்பின்னை கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிக்கொண்டார்.

இளந்தென்றல் நாடு முழுக்கச் சில்லறையாக விழுந்தது. மாநகரத்தில் கிரிக்கெட் போட்டி ஒரு மணி நேரம் தாமதம். இந்த வருடத்துச் சிலை தானே திறந்துகொண்டது. எங்கள் குடியிருப்பில் ஒரு நிழல்வலையும் என் லுங்கி ஒன்றும் பறந்துபோயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் மதியம் செங்கமலம் போன் செய்தார். அன்றுதான் தெவசம்.

"எல போட்டாச்சு சார்."

"புயல் வந்துச்சாம்மா? மூணு பங்கு?"

"வந்துச்சு. கொல்லயில முருங்கக் கெள ஒண்ணு ஒடிஞ்சிது. ஒரு கோழிக்கூடு சாஞ்சிது." அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"மூணுன்னா இவ்வளவுதானா சார்?" என்றார்.